பச்சை விளிம்பு

பிரிட்ஜ் கதவில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இன்சுலின் பேனா பிரிக்காமலே நின்றது. டாக்டர் எழுதிக் கொடுத்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. கால் கட்டைவிரல் புண் ஆறவில்லை. இப்படியே விட்டால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டார். நான் பி.டி. மாஸ்டர். பிள்ளைகளை வெயிலில் விரட்டி விரட்டி ஓட வைப்பவன். ஊசி என்றால் மட்டும் உயிர் போய்விடும். அதைவிட, ஊசிக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது என்று உள்ளுக்குள் ஒரு பயம்.

ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் என் மனைவி ரெனிட்டா அதைப் பற்றி என்னிடம் பேசுவதையே விட்டிருந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும், "லேப்ல கொழுப்புச் செல்லுங்க பட்டினியா கெடக்குது, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்" என்று வண்டியை அடையாறு பக்கம் திருப்பச் சொன்னாள். பட்டினி போட்டாளாம்! தவக்காலத்திலும் மூக்குமுட்டச் சாப்பிடுகிறவன் நான்.

இருட்டறையில் திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள். மைக்ராஸ்கோப்பில் இருந்த கொழுப்புச் செல்கள் அதில் பெரிதாகத் தெரிந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் பச்சை ஒளி மங்கலாகப் பரவிக் கிடந்தது. ரெனிட்டா செல்கள் இருந்த தட்டில் ஒரு சொட்டு விட்டாள்.

"இன்னா ரெனி அது?"

"இன்சுலின். பேசாம பாருங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கிண்டலடிக்க வாயெடுத்தேன். அதற்குள் நடுவிலிருந்த பச்சை வடிய ஆரம்பித்தது. வடிந்து ஓரத்துக்குப் போனது. ஒவ்வொரு செல்லின் விளிம்பிலும் மெல்லிசாக ஒரு பச்சை வளையம் எழுந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"இன்சுலின் வெளிய நின்னு தட்டுது, அவ்ளோதான். உடனே உள்ள இருக்கற லிப்பிட் கைனேஸ்னு ஒரு நொதி செல்லோட சவ்வுகிட்ட ஓடி வந்து, அங்க இருக்கற கொழுப்புல ஒரு பாஸ்பேட்டை ஒட்டுது. அந்த அடையாளத்தைத்தான் நாங்க உள்ள வெச்ச பச்சைப் புரதம் போய்ப் புடிச்சிக்குது. அப்புறந்தான் சர்க்கரைக்கு வழி தெறக்கும்."

"என் உடம்புலயுமா?"

"உங்க செல்லுக்குக் கொஞ்சம் காது மந்தம். பலமா தட்டணும்." கட்டுப் போட்ட என் விரலைப் பார்த்தாள். "புண்ணை ஆத்தற வளர்ச்சிக் காரணி வந்து தட்டினாலும், எழுந்து வர்றது இதே நொதிதாங்க."

நான் மைதானத்தில் விசில் ஊதியபோதும், வாயைப் பிளந்து தூங்கியபோதும், இத்தனை வருஷமாக இது எனக்குள்ளே நடந்துகொண்டிருந்திருக்கிறது. கோடிக்கணக்கான விளிம்புகளில். பூசையில்கூட நான் இப்படி வாயடைத்து உட்கார்ந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் நானே பிரிட்ஜைத் திறந்தேன். ரெனிட்டா பேனாவில் ஊசியைத் திருகி, அளவு வைத்துக் கொடுத்தாள். தொப்பையில் ஒரு மடிப்பைப் பிடித்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குத்தினேன். எறும்புக்கடி அளவுக்குக்கூட வலிக்கவில்லை.

"முடிஞ்சிடுச்சுங்க. கண்ணைத் தெறங்க."

"இரு ரெனி" என்றேன். மூடிய கண்ணுக்குள் இருட்டாக இருந்தது. முதல் வளையம் எழுவதற்காகக் காத்திருந்தேன்.