அண்ணன் வீட்டுப் பந்தல்

ஏற்காட்டில் எனக்குப் பைனாகுலர் விற்றவன் பெரிய வாயாடி. முதலில் இதை வைத்து நாடகம் பார்த்தார்களாம், அப்புறம் போரில் எதிரியைப் பார்த்தார்களாம், குதிரைப் பந்தயம் பார்த்தார்களாம், இப்போது பறவை பார்க்கிறார்களாம். எதிரி என்றதுமே வாங்கிவிட்டேன். கடலையைக் கொத்துகிற மயிலை விரட்டத்தான் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

என் எதிரி என் அண்ணன் வேலுமணி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மரவள்ளிக்காடுதான். வண்டித்தடத் தகராறில் பேச்சு நின்று வருடக்கணக்காகிறது. காலையில் மொட்டைமாடி ஏறி, அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதைப் பார்த்தால்தான் எனக்குக் காபி இறங்கும். அவர் தொந்தி போட்டால் எனக்கு எரியும். இளைத்தால் அதைவிட எரியும்.

அன்று காலை அவரைக் காணவில்லை. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

நல்லதுக்கு அழைத்தால்தான் போக வேண்டும், கெட்டதுக்கு அழைக்காமலே போக வேண்டும். இது நல்லதா, கெட்டதா? சேந்தமங்கலத்துப் பந்தல்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான். அதே சாமியானா, அதே சிவப்பு நாற்காலி. வாழைமரம் கட்டியிருந்தால் தெரிந்துவிடும், கட்டவில்லை. ஒருவன் ரோஜா மாலை கொண்டுபோனான். அது கழுத்துக்கும் போகும், பாடைக்கும் போகும். இரண்டு பெண்கள் தோளோடு தோள் சாய்ந்து குலுங்கினார்கள். சிரிப்பா, அழுகையா? ஆளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிற கருவியில் சத்தம் மட்டும் ஒரு துளிகூட வரவில்லை.

"ஏனுங்க, ஒரு போன் பண்ணிக் கேட்டாப் போச்சு" என்றாள் என் மனைவி பெரியநாயகி.

"என்னன்னு கேக்கறது? செத்துட்டீங்களான்னா?"

"ஊர்ல யாரையாச்சும் கேளுங்க."

"கூடப்பொறந்தவன் ஊட்டு விசேசத்தை ஊர்க்காரங்கிட்டக் கேட்டா காறித் துப்புவான் புள்ள."

மறுபடி பார்த்தேன். பந்தல் முழுக்கத் துழாவினேன். தெரிந்த முகமெல்லாம் இருந்தது, அண்ணன் முகம் மட்டும் இல்லை. அண்ணியும் வெளியே வரவில்லை. பைனாகுலரைப் பெரியநாயகி கையில் திணித்தேன்.

"கெட்டதுதான்" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினேன்.

"திரும்பி வந்தா நேரா உள்ள வந்தராதீங்க, குளிக்கத் தண்ணி காய வெக்கறேன்" என்று பெரியநாயகி பின்னாலிருந்து கத்தினாள்.

மரவள்ளிக் குச்சிகள் முகத்தில் அடித்தன. அந்தப் பாழாய்ப்போன தடத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடினேன். கேட்க ஆளில்லாதபோது எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது!

பந்தலுக்குள் நுழைந்து "அண்ணா!" என்று ஓலமிட்டேன். உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். தாம்பாளங்களில் பூவும் பழமும் இருந்தன. அண்ணன் மகள் தனப்பிரியா பட்டுப்புடவையில் நின்றாள். அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

சமையல் கொட்டகையிலிருந்து அண்ணன் கையில் கரண்டியோடு வந்தார்.

"நல்லதுக்குக் கூப்புடாம வர மாட்டியே வேலுசாமி. எப்படிரா வந்தே?"

எனக்குப் பொய் வரவில்லை. "நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சுட்டனுங்ணா."

அவர் முகம் சிரிப்புக்கும் கோபத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

"அப்ப, நான் உசுரோட இருக்கறது தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டே?"

உயிரோடு நின்ற அண்ணனைக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் பார்க்க, இழவு வீட்டில் அழுவதுபோல அழுதேன்.