அரை மணி இல்லாத கடிகாரம்

விக்ரமின் கடிகாரம் ஒன்றேகால் லட்சம் ரூபாய் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவனே சொல்லியிருந்தான். துபாயில் வாங்கியது. ஃபேக்ஸ் அனுப்பும் ஜலஜாவுடையது கரியாஹாட் நடைபாதைக் கடையில் அறுநூறு ரூபாய். செய்த வேலை என்னவோ ஒன்றுதான். இருபத்துநான்கு மணிக்கு ஒருமுறை சுற்றும் கூடுதல் முள் ஒன்று. முகப்பைச் சுற்றி எண் வளையம். வளையத்தைத் திருப்பி வைத்தால் அந்த முள் லண்டன் நேரத்தைக் காட்டும். பவானிபூரில் இருந்த அந்தச் சணல் பை ஏற்றுமதி அலுவலகத்துக்கு லண்டன் நேரம்தான் சோறு போட்டது.

"ஜலஜா தீதி, உன் வாட்ச்ல வளையம் எங்கயும் நிக்காம வழுக்குதே. வாட்ச்சா, பம்பரமா?" என்பான் விக்ரம். வங்காள வழக்கப்படி அங்கே எந்தப் பெண்ணும் 'தீதி', அக்கா. அவன் முதலாளி பத்மநாபனின் அக்கா மகன்.

2001 டிசம்பரில் ஒரு விலைப்புள்ளி. லண்டன் பகல் பன்னிரண்டுக்குள் ஃபேக்ஸ் போய்ச் சேர வேண்டும். சணலின் அன்றைய கடைசி விலை தெரிந்த பிறகே தொகையை நிரப்புவது அங்கே வழக்கம். ஆகவே தாள் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் கைமாறும். அன்று பத்மநாபன் ஊரில் இல்லை. விக்ரம் தன் மணிக்கட்டைப் பார்த்து, "அங்க பதினொண்ணு அம்பது. அனுப்பு" என்றான்.

"என் வாட்ச்ல பன்னெண்டு இருபது ஆயிடுச்சு."

"அது ஃபுட்பாத் டைம்."

லண்டன்காரர்கள் தாமதம் என்று நிராகரித்தார்கள். "நான் பத்து நிமிஷம் முன்னாடியே குடுத்தேன் மாமா. இவ அரை மணி வச்சுட்டு உக்காந்துட்டா" என்றான் விக்ரம். ஃபேக்ஸ் இயந்திரத்தைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அதன் கடிகாரம் ஜனவரி ஒன்றுக்குத் திரும்பிவிடும். ஜலஜாவின் வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது.

அவள் வாதாடவில்லை. மினிபஸ் நெரிசலில் வளையம் நகர்ந்திருந்தால்? மாலை வகுப்பில் கணக்கியல் நோட்டுக்கு அடியில் டைரியை வைத்து அந்தச் சந்தேகத்தையும் எழுதினாள். மறுநாளிலிருந்து வானொலிச் செய்திக்கு முன் வரும் 'பீப்' ஒலியோடு இரண்டு கடிகாரங்களையும் ஒப்பிட்டுக் குறித்தாள். விக்ரம் கையை நீட்டச் சலிக்கவே இல்லை. அதை யாராவது பார்த்தால் போதும் அவனுக்கு. அவளுடையது மூன்று வாரத்தில் இரண்டு விநாடி முந்தியது. அவனுடையது நாளுக்கு நான்கு விநாடி. இதில் அரை மணி எங்கிருந்து வந்தது?

இருபத்திரண்டாம் நாள் அவள் முட்களை விட்டு வளையத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் திருப்பிப் பாக்கட்டுமா அண்ணா?"

'டிக்' என்று நின்றது. இன்னொரு 'டிக்'. முழு மணிகளில் மட்டும் நின்றது. இந்தியாவுக்கும் லண்டனுக்கும் ஐந்தரை மணி. அவன் வளையம் ஆறு மணி வித்தியாசத்தில் நின்றது.

"துபாய்லயே கடைக்காரன் லண்டனுக்கு நாலு மணி வித்தியாசம் செட் பண்ணிக் குடுத்தான். இங்க வந்து ரெண்டு டிக் தள்ளினேன், அவ்வளவுதான்" என்றான் விக்ரம் பெருமையாக.

ஜலஜா அதை இருந்தபடியே வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். இப்போது சொன்னால் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்வான். டிசம்பர் அவள் தலையிலேயே இருக்கும்.

பிப்ரவரியில் அடுத்த விலைப்புள்ளி. அதே லண்டன் பன்னிரண்டு மணிக் கெடு. இங்கே மாலை ஐந்தேகால் ஆனது. இன்னும் சொல்லலாம். ஐந்து இருபத்தைந்து. நாக்கு ஒருமுறை அசைந்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். ஐந்தரை தாண்டியது. ஐந்து ஐம்பதுக்கு விக்ரம் தாளை நீட்டியபோது பத்மநாபனும் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"சார், போன தடவை மாதிரி என் மேல வரக் கூடாது. ரெண்டு பேரும் நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க."

விக்ரம் 'லண்டன் 11.50' என்று எழுதினான். கீழே பத்மநாபன் 5.50 என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது.

"அஞ்சரைக்கே அங்க பன்னெண்டுடா."

"இல்ல மாமா, இதுல பாருங்க..."

"இதுல அரை மணியே கிடையாது சார். டிசம்பர்லயும் இதே கதைதான்." ஜலஜா டைரியை விரித்து வைத்தாள்.

பத்மநாபன் தேதிகளைப் படித்தார். "ஜனவரி மூணாம் தேதியே தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லல?"

"சொன்னேன் சார். டிசம்பர்ல."

அவர் டைரியை மூடினார். பிறகு, "நாப்பது நாள் வாயை மூடிட்டிருந்து என் ஆர்டரைக் கொன்ன ஆள் எனக்கு வேணாம். இவனும் வேணாம். ரெண்டு பேரும் போங்க" என்றார்.

படிக்கட்டில் விக்ரம் வளையத்தைத் திருகிக்கொண்டே இறங்கினான். டிக். டிக்.

"இதுல அரை மணி எப்படி வைக்கறது?"

"அதுல வராது அண்ணா. அறுநூறு ரூபாயாவது குடுத்து வேற வாங்கணும்."

வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. வேலை போன வருத்தம் எந்த இடத்தில் வந்து பிடிக்கும் என்று பார்த்துக்கொண்டே நடந்தாள். மெட்ரோ நிலையம் வரை வரவில்லை. டைரியில் அதையும் நேரத்தோடு குறித்துக்கொண்டாள்.