எழுவாய் இல்லாத வாக்குமூலம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பதினெட்டு இரும்பு நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை, எப்போதும் மை தீர்ந்துகொண்டிருக்கும் ஒரு பேனா. மூன்றாவது வாரம் வாக்கிய அமைப்பு. 'பூனை எலியைப் பிடித்தது' என்று எழுதுவேன். கீழே 'எலியைப் பிடித்தது பூனை' என்று எழுதுவேன். தமிழில் இரண்டிலும் சாகப்போவது எலிதான். ஆங்கிலத்தில் இப்படி இடம் மாற்றினால் எலி பூனையைப் பிடித்துவிடும். "அங்க வேற்றுமை உருபு கிடையாது. நிக்கிற இடம்தான் உருபு. செஞ்சவர் முன்னால, செஞ்ச வேலை நடுவுல, மாட்டினவர் கடைசியில" என்பேன். வகுப்பு சிரிக்கும். பத்து வருடமாக அதே இடத்தில் சிரிக்கிறது.

அன்று முதல் வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"சார், செஞ்சது யாருன்னு தெரியலன்னா என்ன பண்றது?"

"யாரையாவது போடும்மா. மழை பெய்யறதுக்கே அவங்க முன்னால ஒரு 'இட்' நிறுத்தி வெக்கறாங்க. ஆள் நிக்கலன்னா வாக்கியம் நிக்காது."

அதற்கும் சிரித்தார்கள். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

2

அவளைப் பற்றிய முதல் வாக்கியத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

தங்கை அக்காவுக்குத் துரோகம் செய்தாள். (இப்படித் தொடங்கினால் நீங்கள் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். அடித்துவிட்டேன்.)

ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் விபத்து ஒன்று நேர்ந்தது. (இது தொழிற்சாலைக்காரர்கள் எழுதும் வாக்கியம்.)

அவள் ஒன்றும் கெட்டவள் அல்ல, ஆனால் அந்த நிமிடத்தில் அவளுக்கு

விடுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அவள் அந்தத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கிளார்க். அக்கா கீழ்த்தளத்தில் அட்டை வெட்டும் மெஷினில் வேலை செய்தாள். அக்காவை அங்கே சேர்த்துவிட்டதே தங்கைதான். இருவரும், பள்ளிக்கூடம் போகும் அக்காவின் மகளும் இரண்டு அறை வீடு ஒன்றில் இருந்தார்கள். அக்கா எட்டாவதோடு தன் படிப்பை நிறுத்தித் தங்கையைப் படிக்கவைத்தவள். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதுதான் தங்கைக்குப் பெரிய பாரம்.

சூப்பர்வைசருக்கு வேலையாட்கள் வைத்திருந்த பெயர் கடிகாரம். யாரிடம் பேசினாலும் அவர் கண் சுவர்க் கடிகாரத்தின் மேல்தான் இருக்கும்.

மெஷினில் பிளேடுக்கு முன்னால் ஒரு கம்பி மூடி உண்டு. அது இருந்தால் தடித்த அட்டை அடிக்கடி சிக்கும், நிறுத்தி நிறுத்தி ஓட்டவேண்டும். அவசர ஆர்டர் ஒன்று வந்தது. மூடி கழன்றது. (கழன்றதாம். பாருங்கள், நானே எப்படி நழுவுகிறேன். கடிகாரம் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கழற்றவைத்தார்.) மூன்று வாரம் அது அவர் அறைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. கையெழுத்து வாங்கப் போகும்போதெல்லாம் கிளார்க் அதைப் பார்த்தாள். ஒரு மழைநாளில் தன் ஈரக்குடையை அதில்தான் மாட்டிவைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அக்காவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

3

விபத்து நடந்த ஒன்பதாவது நாள் கடிகாரமும் தங்கையும் ஆஸ்பத்திரிக்கு வாக்குமூலம் வாங்க வந்தார்கள். தலைமை அலுவலகத்துக்கு எல்லாம் ஆங்கிலத்தில் போகவேண்டும். யார், என்ன செய்தார் என்று சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதும்படி ஃபாரத்தின் தலையிலேயே அச்சடித்திருந்தது. தங்கை கட்டிலின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கடிகாரம் கால்மாட்டில் நின்றார்.

"சொல்லுங்கம்மா, என்ன நடந்துச்சு?"

"மூடியக் கழட்டிப் போட்டிருந்துச்சு சார். ஓட்டிக்கிட்டிருந்தேன். அட்டை சிக்கிச்சு. கைய விட்டேன். அவ்வளவுதான்."

முதல் வாக்கியத்தில் ஆளே இல்லை. எதிரில் நிற்கிறவரை முகத்துக்கு நேரே வாக்கியத்துக்குள் இழுக்காமல் விடும் மரியாதையை நம் மொழி அவளுக்குக் கொடுத்திருந்தது. யார் கழற்றியது என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

தங்கையின் பேனா நின்றுவிட்டது.

"என்ன யோசனை? செஞ்சவங்க முன்னால வரணும்னு ஃபாரத்துலயே போட்டிருக்கே" என்றார் கடிகாரம். அந்த அறையில் சுவர்க் கடிகாரம் இல்லை. அதனால் அவர் அவளையே பார்த்தார். "உன்ன நிரந்தரமாக்கற ஆர்டர் என் மேசையிலதான் இருக்கு. இது முடிஞ்சதும் அதையும் பாத்துடலாம்."

அவள் எழுதினாள். நான் மூடியைக் கழற்றினேன். நான் மெஷினை ஓட்டினேன். நான் கையை உள்ளே விட்டேன். ஆங்கிலத்தில், அழகான கையெழுத்தில், ஒரு பிழை இல்லாமல். என்னிடம் திருத்தக் கொடுத்திருந்தால் பத்துக்குப் பத்து போட்டிருப்பேன்.

"எல்லாம் சொன்னபடி எழுதிட்டியாடி?"

"எழுதிட்டேன்க்கா."

அக்கா இடது கையால் கையெழுத்துப் போட்டாள். தாள் நகராமல் தங்கை பிடித்துக்கொண்டாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: செய்தவரைச் சொல்லாமல் எழுத ஆங்கிலத்திலும் வழி இருக்கிறது. 'மூடி கழற்றப்பட்டிருந்தது.' அது ஏழாவது வாரப் பாடம். பாவம், அந்த வாரம் அவள் வரவில்லை என்று எழுதத்தான் ஆசைப்பட்டேன். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். வந்திருக்கிறாள்.)

4

இந்த இடத்தில் ஓர் எழுத்தாளன் அவள் மனதுக்குள் போகவேண்டும். போனேன். ஒருநாள் அங்கே பயம் இருந்தது. இன்னொரு நாள், வீட்டில் ஒரு சம்பளமாவது நிற்கட்டும் என்ற கணக்கு இருந்தது. மற்றொரு நாள் ஒன்றுமே இல்லை, வெறும் அவசரம். மூன்றும் பொருந்துகின்றன. அதனால் மூன்றையும் நான் நம்பவில்லை. அவளையே கேட்டிருக்கலாம். எனக்கு இது தெரிந்த பிறகு வந்த ஞாயிறும் வகுப்புக்கு வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் கேட்கவில்லை. கேட்டால் 'நீங்கதானே சார் சொன்னீங்க' என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

5

வாக்குமூலம் கொடுத்து ஒரு மாதம் கழித்து அக்கா என் வீட்டுக்கு வந்தாள். தங்கை இல்லாத நேரத்தில் தபால் வந்திருக்கிறது. படித்துச் சொல்ல ஆள் தேடி, தங்கையின் நோட்டில் இருந்த என் முகவரிக்கு வந்திருக்கிறாள். விதியை மீறிப் பாதுகாப்பு மூடியைக் கழற்றியதால் வேலை இல்லை, நஷ்டஈடும் இல்லை, ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் தரவும் என்றது தலைமை அலுவலகத்தின் கடிதம். வாக்குமூலத்தின் நகலையும் இணைத்திருந்தார்கள்.

"நானா கழட்டினேன்? அப்படியா போட்டிருக்கு? எங்க சார், காட்டுங்க."

காட்டினேன். 'நான்' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்து, குச்சி மாதிரி. அவள் அதன்மேல் இடது கை விரலை வைத்துக்கொண்டே இருந்தாள்.

"இத எழுதினது யாரு சார்?"

எனக்குத் தெரியும். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் சொன்னேன்: "ஆபீஸ்ல எழுதியிருக்காங்க."

"ஆபீஸ்ல யாரும் எழுதல சார். எழுதினது என் தங்கச்சி."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"தினமும் எனக்குச் சோறு ஊட்டி விடறா சார். ஊட்டும்போது முகத்தப் பாக்கமாட்டா. பாக்கச் சகிக்கலையாக்கும்னு நெனச்சுக்கிட்டேன்." டம்ளரை ஓரமாக நகர்த்தினாள். "அவளக் காட்டிக் குடுக்காம எழுத முடியுமா?"

"முடியாதும்மா. முன்னால சொன்னத ஏன் மாத்துறீங்கன்னு கேப்பாங்க. எழுதினவங்க மேலதான் வரும். அவங்க வேலை போயிடும்."

"எழுதலன்னா?"

"கழட்டினது நீங்கதான்னு ஆயிடும்."

"என் பொண்ணு கேட்டா நான் என்ன சொல்ல?" என்றாள். என்னிடம் கேட்ட மாதிரி தெரியவில்லை. பிறகு ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள். அடியில், இடது கையால், மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள்.

"மேல என்ன எழுதணுமோ நீங்களே எழுதிக்குங்க சார். என்னைக் கேக்காதீங்க. எனக்குச் சொல்லவும் வேண்டாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

6

முடிவு ஒன்று: நான் உண்மையை எழுதுகிறேன், கடிகாரம் மாட்டிக்கொள்கிறார், கூடவே தங்கையும். முடிவு இரண்டு: எழுதாமல் விடுகிறேன், தங்கை நிரந்தரமாகிறாள், சோறு ஊட்டுவது தொடர்கிறது. முடிவு மூன்று: தங்கை தானே போய் உண்மையைச் சொல்கிறாள், இருவரும் கட்டிப்பிடித்து (இல்லை. இது எனக்கே கேவலமாக இருக்கிறது.)

பதினைந்து நாளில் பதினொன்று போய்விட்டது. அந்தத் தாளில் ஓர் எழுத்துக்கூட எழுதாமல், இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தேன். இது சுலபமாக வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சில வரிகள் எனக்குப் பிடித்தும் இருக்கின்றன.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். யார் பெயரில் தொடங்கட்டும், சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு தலைமை அலுவலகத்தை மூடிவிடுவார்கள்.