இரண்டாவது பதினாலு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, ஒட்டுக்கேட்டேன். தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு, அதற்கு மேலே ஒரு ஜன்னல், ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது. எழுத்தாளனுக்கு வேறென்ன வேண்டும்? உள்ளே நடந்ததில் முக்கால்வாசி காதில் விழுந்தது. மீதியை நானே இட்டு நிரப்பியிருக்கிறேன். எது எது என்று கேட்காதீர்கள், சண்டை வரும்.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்:

"ஆசிரியப் பணி என்பது ஒரு விளக்கு, அது தன்னை—" [அடித்தது. வாழ்த்து அட்டைக்கு ஆகும்.]

"நாற்பது பிள்ளைகளின் ரப்பர்களும் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன." [பரவாயில்லை. ஆனால் ரப்பர் திருட்டைப் பற்றிய கதை என்று நினைப்பீர்கள்.]

"அவள் கையிலிருந்த ரத்தத்தை—" [ஐயோ, கொலைக் கதை ஆகிவிடும்.]

அடித்ததை எல்லாம் ஏன் இவன் அப்படியே விட்டிருக்கிறான் என்று முகம் சுளிக்காதீர்கள். இந்தக் கதையில் வரும் கணக்கு டீச்சரின் சட்டம் அது. ஆறாம் வகுப்புக்குள் நுழையும் முதல் நாளே எல்லோருடைய ரப்பரையும் பிடுங்கி டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுவார். தப்பு வந்தால் ஒரே ஒரு கோடு. அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். "எங்க தப்புப் பண்ணினேன்னு நாளைக்கு நீ பாக்க வேண்டாமா?" என்பார்.

அதனால் அவர் வகுப்பு நோட்டுகள் கண்றாவியாக இருக்கும். பக்கத்து வகுப்பு நோட்டுகளோ பளிச்சென்று இருக்கும். பெற்றோர் சும்மா இருப்பார்களா? புகார் எழுதிவிட்டார்கள். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பிள்ளைக்கு ஒரு கையெழுத்து. பாதிப் பேர், அதாவது இருபது பேர், போட்டால் புகார் நிர்வாகக் குழுவுக்குப் போகும். போனால் டீச்சரை வகுப்பிலிருந்து எடுத்து நூலகத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். அவர் ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம் இருக்கிறது.

புகாரில் கடைசி வரிசை எண் இருபது.

3

இனி நம் கதாநாயகி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். முதல் வரைவில் அவளுக்கு ஒரு பெயரும் நீண்ட கூந்தலும் கொடுத்திருந்தேன். "லேப்ல முடியைத் தொப்பிக்குள்ள சொருகியிருப்பாங்க. நீளம் உனக்கெப்படித் தெரிஞ்சுது?" என்று என் மனைவி கேட்டாள். இரண்டையும் அடித்துவிட்டேன். லேப்காரி என்றே வைத்துக்கொள்வோம்.

லேப்காரியின் மகள் இந்த ஆண்டுதான் அந்தப் பள்ளியில் சேர்ந்தாள். ஒரு நாள் காலை, பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் பறக்கும் நேரத்தில் யாரோ ஒரு தாளை நீட்டினார். "கணக்கு மிஸ் மேல சின்னதா ஒரு லெட்டருங்க. எல்லாரும் போட்டுட்டாங்க." அவள் தாளை வண்டி இருக்கையில் வைத்து, படிக்காமலேயே கையெழுத்துப் போட்டாள். மருந்துச் சீட்டைக்கூட மூன்று தடவை படிக்கிறவள்! அவசரம் யாரை விட்டது.

அடுத்த வாரம் லேபில், ஒருவருடைய சர்க்கரை அளவை இன்னொருவருடைய வரியில் எழுதிவிட்டாள். உடனே கண்ணில் பட்டது. ஒரே கோடு, பக்கத்தில் சரியான எண், தேதி, சின்னதாக ஒரு கையெழுத்து. லேபில் எல்லோரும் அப்படித்தான் திருத்த வேண்டும். பக்கத்து மேஜை அக்காவுக்கு அது கைவர ஒரு வருடம் பிடித்தது.

"உனக்கு மட்டும் எப்படிடி வந்த அன்னிக்கே பழகிடுச்சு?" என்றாள் அக்கா.

"ஆறாங்கிளாஸ்ல எங்க கணக்கு டீச்சர் ரப்பரே தர மாட்டாங்கக்கா. டப்பால போட்டுப் பூட்டி—"

மகள் தினமும் வீட்டில் புலம்புவதும் ஒரு டப்பாவைப் பற்றித்தான். அது வேறு ஊர், வேறு பள்ளி. டீச்சர் மாறி வந்திருக்கலாம் அல்லவா? கணக்கு மிஸ் பெயரென்ன என்று மகளின் வகுப்புக்காரி ஒருத்தியின் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். பெயரைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு லேப் கோட்டோடு ஓடினாள்.

(இந்த இடத்தில் மழை பெய்ய வைத்திருந்தேன். அன்று வெயில்தான். மழையை எடுத்துவிட்டேன்.)

4

டீச்சரைப் பற்றி எனக்கொரு பயம் இருந்தது. ரொம்ப நல்லவராக்கிவிட்டால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். நல்லவேளை, அவரே காப்பாற்றினார்.

"டீச்சர், என்னைத் தெரியுதா? நான் உங்க ஸ்டூடண்ட். இப்போ ரத்தப் பரிசோதனை லேப்ல இருக்கேன்."

தலைமையாசிரியைக்கு எதிரே உட்கார்ந்திருந்த டீச்சர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "தெரியலையேம்மா."

கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நம்பி நான் வெளியே பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். ஏமாற்றிவிட்டார்.

லேப்காரி மேஜை மேலிருந்த புகாரை இழுத்து, தன் கையெழுத்தின் மீது ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் தேதி எழுதினாள். பதினேழு. டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"அடியே! ஏழாம் நம்பரை ஒண்ணு மாதிரி எழுதுவாளே, அவளா நீ? இன்னும் திருந்தலையா? ரத்த ரிப்போர்ட்ல இப்படி எழுதினா யாராவது செத்துப்போவாங்கடி!"

"லேப்ல ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுடுவேன் டீச்சர்," என்றவள் அழுதுவிட்டாள். "படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னிக்கு ஒருத்தருக்குத் தப்பான ரிசல்ட் போகலைன்னா அது உங்களாலதான். இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட வந்து சொல்லல."

"சரி சரி, மூக்கைத் துடை," என்றார் டீச்சர். அவர் மூக்கும் சிவந்துதான் இருந்தது.

தலைமையாசிரியைக்கு உயிர் வந்தது. "பத்தொம்பது ஆயிடுச்சு. பாதிக்குக் கீழ. இனி இது குழுவுக்குப் போக வேண்டாம்" என்று மேஜை டிராயரைத் திறந்தார்.

"கொஞ்சம் இருங்க மேடம்." டீச்சரின் விரல் பட்டியலில் இறங்கிக்கொண்டிருந்தது. "இதுல பதினாலு ரெண்டு தடவை வருது. மொதல்ல இருந்தது இருபத்தொண்ணு. இப்போ இருபது."

"உங்களை யாரு டீச்சர் எண்ணச் சொன்னது?"

"பிள்ளைங்க நோட்டுல தினம் எண்ணுறேன். எனக்குன்னு வந்தா மட்டும் கண்ணை மூடிக்கவா?"

சொன்னது கெத்தாகத்தான். ஆனால் கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. வகுப்பை விட்டுப் போக அவருக்கு மனசில்லை. அது ஜன்னலுக்கு வெளியே இருந்தவனுக்கே தெரிந்தது.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் குழு," என்றார் தலைமையாசிரியை. "அதுக்குள்ள இன்னும் ஒருத்தர் வந்து அடிச்சா போதும். நானாப் போய் யாரையும் கேக்க முடியாது."

5

முடிவு ஒன்று: லேப்காரி இன்னொருவரைச் சம்மதிக்க வைக்கிறாள். [முயன்றாள். ஒன்பது பேருக்குப் போன் செய்தாள். ஏழு பேர் எடுக்கவில்லை. இரண்டு பேர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.]

முடிவு இரண்டு: குழுத் தலைவரும் டீச்சரிடம் படித்தவராம்! [அடித்தது. சினிமா.]

முடிவு மூன்று: டீச்சர் நூலகத்துக்குப் போகிறார். ரப்பர்கள் பிள்ளைகளிடம் திரும்பி வருகின்றன. நோட்டுகள் பளிச்சென்று ஆகின்றன. [இதை அடிக்கக் கை வரவில்லை. நடந்துவிடும் போலிருக்கிறது.]

6

நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வாசலில் தாளை நீட்டிய "யாரோ" நான்தான். என் மகனும் அந்த வகுப்புதான். அவன் நோட்டைப் பார்த்து நான் முணுமுணுத்ததும், "நீங்கதான் எழுத்தாளராச்சே, நல்லா உறைக்கிற மாதிரி எழுதிக் குடுங்க" என்று மற்ற அப்பாக்கள் ஏற்றிவிட்டார்கள். எழுதினேன். நான் எழுதியதிலேயே அதிகப் பாராட்டு வாங்கியது அந்தப் புகார்தான். வரிசை எண் போட்டதும் நானே. ஏற்கெனவே ஒரு பதினாலு இருப்பதைக் கவனிக்காமல் என் கையெழுத்துக்கும் பதினாலு போட்டிருக்கிறேன்.

நேற்று புகாரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த அந்த ஜன்னலடியிலிருந்து எழுந்து உள்ளே போயிருக்கலாம். பத்தடி தூரம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து கதை எழுதினேன். எழுதினால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை, குத்துகிறது.

இன்று காலை முழுவதையும் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன்.

"எந்த முடிவு வைக்கட்டும்?" என்றேன்.

"கதைக்கா?" என்றாள். "மணி ஒம்பதே கால். கிளம்பு."

அப்பாக்கள் என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். பயமாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கு இருபது நிமிட நடை. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு இப்போது நேரமில்லை. செருப்பை எங்கே விட்டேன்?