கருப்பு மொச்சை

எங்கள் கோட்டை ஊரான ரோக்காமூத்தாவில் மதிலுக்குள் இருப்பது இருபத்தாறு பேர். எல்லோரும் வயது வந்தவர்கள். நடுவில் இருக்கும் பழைய ஹோட்டலில் அறைகள் மட்டும் முப்பது.

அறுநூற்றைம்பது வருடங்களுக்கு முன் கூலிப்படை ஒன்று ஊரை முற்றுகையிட்டபோது, கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட துரோகி பந்தினோ. நாங்கள் அவன் வம்சம். அந்தப் பாவத்துக்காக ஒவ்வொரு ஆகஸ்டிலும் எங்கள் வீட்டு ஆண் ஒருவர் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். மதில்மேலிருந்து ஊரே ஊறிய தவிட்டைக் கொட்டும். ஹோட்டல் விருந்தினர்கள் கைதட்டிப் படம் எடுப்பார்கள். மிச்சமிருக்கும் ஆண் என் அப்பா நெல்லோ, எழுபத்தெட்டு வயது. போன வருடம் தவிட்டில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். இனி அவரை நிற்க விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

ஹோட்டல் வரவேற்பில்தான் எனக்கு வேலை. அங்கே அலமாரிக்குப் பின்னால் ஊர்ச்சபையின் தோல் ஏடு ஒன்று கிடைத்தது. அந்தப் பழைய எழுத்தைப் பாதிரியார் படித்துச் சொன்னார். கதவைத் திறக்கலாமா என்று சபை மொச்சைக்கொட்டை போட்டு வாக்கெடுத்திருக்கிறது. திறக்கக் கருப்பு, மறுக்க வெள்ளை. கருப்பு நாற்பத்தொன்று. வெள்ளை ஒன்றே ஒன்று, போட்டவன் பந்தினோ என்று ஏட்டிலேயே எழுதியிருக்கிறது. அட பாவிகளா! எல்லோருமாகத் திறந்துவிட்டு, வேண்டாம் என்றவன் தலையில் பழியைக் கட்டியிருக்கிறார்கள்.

பாதிரியார் சொன்னதை எழுதிவைத்து, ஞாயிறு பூசை முடிந்ததும் சதுக்கத்தில் உரக்கப் படித்தேன்.

ஹோட்டல் முதலாளி உபால்தோ கொட்டாவி விட்டார். "ஓரியெத்தா, உங்க பாட்டன் உத்தமனாவே இருக்கட்டும்மா. விருந்தாளிங்க இதுக்குன்னே வர்றாங்களே?"

"அப்ப நீங்க போய் நில்லுங்க. உங்க உடம்புக்கு ஊர்ல இருக்கற தவிடு பத்தாது!"

எங்கள் ஊரில் எந்தச் சண்டைக்கும் இன்றும் மொச்சைதான். பாதிரியார் ஜாடியைக் கொண்டுவந்தார். வழக்கம் தொடரக் கருப்பு, நிறுத்த வெள்ளை. ஆளுக்கு ஒன்று, மூடிய கையோடு போட்டோம்.

கருப்பு இருபத்தைந்து. வெள்ளை ஒன்று.

அந்த வெள்ளை என்னுடையது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் தொப்பிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அப்பா! நீங்களுமா கருப்பு போட்டீங்க?"

"கத்தாதடி."

"இடுப்பு ஒடஞ்சுதே, மறந்துபோச்சா?"

"ஒடஞ்சுதுதான். அப்புறம் மூணு வாரம் வீட்டு வாசல்ல கூட்டம், ஆளாளுக்கு சூப்பு கொண்டாந்தாங்க. உத்தமன் வீட்டுக்கு எவன்டி வருவான்?"

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்த ஆகஸ்டில் அவர் தலையில் முதல் வாளித் தவிட்டைக் கொட்டியது நான்தான்.