குடை நனைந்த நாட்கள்

என் கணவர் வீட்டை விட்டுப் போன அன்று நல்ல வெயில். அதனால் குடையை எடுத்துக்கொள்ளவில்லை. கட்டட வரைபடம் போடுகிற ஓர் அலுவலகத்தில் அவருக்குப் பதினெட்டு வருஷமாக வேலை. காலை எட்டே முக்காலுக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குச் செருப்புச் சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை. அலுவலகத்தில் விசாரித்தால், வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார் என்றார்கள். சண்டையில்லை, சச்சரவில்லை, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொண்ட ஏட்டு, "வேற ஏதாவது தொடர்பு..." என்று இழுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவிட்டார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் மிஞ்சியது நானும் என் நாத்தனாரும். கணவருக்கு மூத்தவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார். அடுத்தவர் பேச்சை இணைத்து இணைத்தே தன் பேச்சு தீர்ந்துபோய்விட்டது என்பார். நான் ஒரு கண் மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிற வேலையில் இருந்தேன்.

கணவர் போன மூன்றாவது வாரம் ஒரு காலையில், கதவு மூலையில் சாத்தியிருந்த அவர் குடையின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. வெளியே தெருவே வறண்டு கிடந்த நேரம். அண்ணிதான் வாளித் தண்ணீரைச் சிந்திவிட்டார் என்று நினைத்து முனகிக்கொண்டே துடைத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஈரம். கொத்தனாரைக் கூட்டிவந்து மேல்தளத்தைப் பார்க்கச் சொன்னோம். ஒழுகலும் இல்லை, ஒன்றும் இல்லை என்று தட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நாலாவது தடவை அண்ணியும் நானும் குடைக்கு எதிரே ஆளுக்கொரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தோம். மடிப்புகளுக்குள்ளிருந்து நீர் ஊறி, கம்பிகளின் வழியாக இறங்கி, ஒவ்வொரு சொட்டாகத் தரையில் விழுந்தது. புழுதியில் புது மழை விழுந்தால் வருமே, அந்த வாசனை.

அண்ணி வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவன் எங்கயோ நனையறான்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. குடைக்குக் கீழே ஓர் அலுமினியத் தட்டு வைத்தோம். ஈரமான நாளில் அண்ணி தட்டைக் கொட்டிக் கழுவி வைப்பார். அன்றைக்கெல்லாம் வீட்டில் ஒரு மாதிரி நிம்மதி இருக்கும். உயிரோடுதான் இருக்கிறார். மழைக்கு ஒதுங்கத் தெரியாதவராக இருக்கிறார். வறண்ட வாரங்களில் இரண்டு பேரும் வேண்டாத காரியங்களுக்கெல்லாம் வாய்ச்சண்டை போடுவோம்.

இரண்டு வருஷம் கழித்து நான் எழுத ஆரம்பித்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து, சாப்பாட்டு மேசையில், மருத்துவமனையில் வீணாகிப் போன பழைய சீட்டுகளின் பின்பக்கத்தில். என் கதாநாயகி ஒரு பேருந்து நிலையத்தில், பயணிகள் விட்டுப்போன பொருள்களைப் பாதுகாக்கிற அறையில் உட்கார்ந்திருப்பவள். இடுப்பில் சாவிக்கொத்து. ஊரே அவளைச் சாவியம்மா என்று கூப்பிடும். ஒற்றைச் செருப்போ பல்செட்டோ, எதைக் கையில் எடுத்தாலும் அதற்குரியவர் இந்த நிமிஷம் வெயிலில் நிற்கிறாரா, படுத்திருக்கிறாரா, அழுகிறாரா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மிச்சத்தை அவள் அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுத்தே கண்டுபிடிப்பாள். ரத்தம் கிடையாது, துப்பாக்கி கிடையாது. நூற்றைம்பதாவது பக்கத்தில் காணாமல் போனவர் திரும்பி வருவார், எல்லோரும் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள்.

ஒரு பதிப்பாசிரியர் முதல் கதையை ஏற்றுக்கொண்டார். அதற்கடுத்து வருஷத்துக்கு ஒன்று, சில வருஷம் இரண்டு என்று ஒன்பது வந்தன. உங்கள் புத்தகம் கையில் இருந்தால் தூக்கம் வருகிறது என்று வாசகிகள் எழுதினார்கள். வாங்கிக்கொண்டு சிரிப்பேன். அதை எழுதுகிறவளுக்குத் தூக்கம் வந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. ஒருமுறை ஓர் அம்மாள் தன் மகனின் சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கே வந்துவிட்டார். தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொன்னார். அது கதைதானே அம்மா என்றேன். அவர் சட்டையை மடித்துப் பையில் வைப்பதைப் பார்த்துக்கொண்டே அடுத்த நோயாளியின் பேரைக் கூப்பிட்டேன். பிறகு கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

ஒன்பதாவது வருஷ மழைக்காலத்தில் குடை நனையவில்லை.

ஒரு மாதம் பார்த்தோம். இரண்டு மாதம் பார்த்தோம். எங்கள் ஊரிலேயே சாக்கடை நிரம்பி வழிந்தது, தட்டில் ஒரு சொட்டு இல்லை. அண்ணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தச் சமயம் பார்த்துப் பதிப்பாசிரியர் பத்தாவது கதை கேட்டார். சாவியம்மாவின் புருஷனும் முதல் கதையிலிருந்தே காணாமல் போனவன்தான், இந்தத் தடவை அவனைக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள், ஜனங்கள் தவம் கிடக்கிறார்கள் என்றார். சரி என்றேன். ஒரு வரி ஓடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி தன் பெட்டியிலிருந்து மூன்று நீளமான நோட்டுகளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். குடை நனைந்த ஒவ்வொரு நாளும் தேதியோடு இருந்தது. பக்கத்தில், செய்தித்தாளில் வருகிற மழை அளவுப் பட்டியல். எந்த ஊரில் அன்று மழை பெய்யவில்லையோ அந்த ஊரை அடித்துக்கொண்டே வந்திருந்தார். முதல் வருஷம் நாற்பது ஊர் மிச்சம். அடுத்த வருஷம் பதினொன்று. ஆறாவது வருஷத்தில் ஒரே ஒரு ஊர், அதற்குக் கீழே ஒரு கோடு.

"மூணு வருஷமா தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"போய்ப் பார்த்தா ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுபோயிடும். இப்படியே இருக்கட்டும்னு நெனச்சேன்." நோட்டை மூடிக்கொண்டே, "நீயும் கேக்கலையே," என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. ஒன்பது கதைகளில் ஊரான் வீட்டுப் பொருளையெல்லாம் தேடியவள், என் வீட்டு மூலையில் இருந்ததை ஒரு நாளும் தேடவில்லை.

அந்த ஊருக்குப் பகல் ரயிலில் ஏழு மணி நேரம். குடையையும் எடுத்துக்கொண்டோம். கதையில் சாவியம்மா மூன்று பக்கத்தில் முடித்துவிடுகிற வேலை எங்களுக்கு ஐந்து நாள் ஆயிற்று. விடுதிகள், மருந்துக்கடைகள், முடிதிருத்தும் கடைகள் என்று பழைய புகைப்படத்தைக் காட்டிக் காட்டி அலைந்தோம். அண்ணிக்குக் கால் வீங்கிவிட்டது. பாதிப் பேர் படத்தைப் பார்க்காமலே உதட்டைப் பிதுக்கினார்கள். ஐந்தாம் நாள், ரப்பர் முத்திரை செய்கிற ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது நம்ம தண்ணி கேன் போடுறவரு. கோடையில லாரி இடிச்சு ஒரு கால் போயிடுச்சே, பாவம். நீங்க யாரு?"

நான் புகைப்படத்தைப் பைக்குள் வைத்தேன். அண்ணிதான் சொன்னார்.

தண்ணீர் கேன் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறை. இரண்டு சுவர்களிலும் காலி கேன்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்தான், ஆகாயம் தெரியாது. எட்டு வருஷம் மூன்று சக்கர வண்டியில் தெருத் தெருவாக மழையிலும் வெயிலிலும் கேன் போட்டவர், இப்போது கட்டிலில் உட்கார்ந்து தொலைபேசியில் முகவரி எழுதிக்கொள்கிறார். நரைத்து, சுருங்கி, ஆனால் அவரேதான். எங்களைப் பார்த்ததும் முதலில் போர்வையை இழுத்து முழங்காலுக்குக் கீழே மூடிக்கொண்டார்.

"அக்கா," என்றார். பிறகு என்னிடம், "உக்காரு."

ஒரே நாற்காலிதான் இருந்தது. அண்ணியை உட்காரவைத்துவிட்டு நான் நின்றேன். ஒன்பது வருஷம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏன்?"

அவர் யோசித்தார். மழுப்பவில்லை, உண்மையாகவே யோசித்தார். "தெரியல. அன்னிக்கு நம்ம பஸ் வர லேட்டாச்சு. வேற ஒண்ணு வந்து நின்னுச்சு. ஏறிட்டேன். மறுநாள் திரும்பிடலாம்னுதான் இருந்தேன். அதுக்கு மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரம் ஆனதும் வெக்கமாப் போச்சு. அப்புறம் பழகிடுச்சு."

"என் மேல ஏதாவது..."

"உன் மேல என்ன? ஒண்ணுமில்ல."

அதுதான் தாங்கவில்லை. ஒரு குறை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இன்னொருத்தி இருந்திருந்தால் சபித்திருப்பேன். ஒன்றுமில்லாததை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வாள்? நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று விசாரித்தார். துப்பறியும் கதை எழுதுகிறேன் என்றேன். பரவாயில்லையே என்றார். அதற்குள் தொலைபேசி அடித்தது. யாருக்கோ நாலு கேன் வேண்டுமாம், முகவரியைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் இருந்தோம். அண்ணி அறையைக் கூட்டினார், துணி துவைத்தார், வெந்நீர் வைத்துப் புண்ணைத் துடைத்தார். நான் சந்தில் நின்று கேன் வண்டிகள் போவதையும் வருவதையும் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை அண்ணி, நீ கிளம்பு, நான் இருக்கிறேன் என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"உனக்குப் புருஷன். நீ காரணம் கேப்ப. எனக்குத் தம்பி. தம்பின்னா காரணம் கேக்க வேண்டியதில்ல."

குடையைக் கணவரின் கட்டிலருகில் சாத்திவிட்டு வந்தேன். தன் குடை என்று அவருக்கு அடையாளம் தெரிந்ததாகத் தெரியவில்லை. அந்தக் குடையின் கதையை நாங்கள் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தபோது, உள்ளே ஆளில்லாத வீடு என்றால் என்னவென்று முதல் தடவையாகத் தெரிந்தது. இதுவரை இல்லாதவர் ஒருவர், அவருக்காகக் காத்திருந்தவர்கள் இரண்டு பேர். மூன்று பேர் வாழ்ந்த வீடுதான் அது. இப்போது காத்திருக்கவும் ஒன்றுமில்லை. விளக்கைப் போட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். ஆறு வாரத்தில் பத்தாவது கதை முடிந்தது. சாவியம்மா புருஷனைக் கண்டுபிடிக்கிறாள். ஏன் என்று கேட்கிறாள். தெரியல என்கிறான். அவள் திரும்பி வந்து அறையைத் திறந்து, அன்றைக்கு வந்த பொருள்களுக்கு எண் போடுகிறாள். அவ்வளவுதான்.

பதிப்பாசிரியர் கூப்பிட்டார். நல்ல மனிதர், சுற்றி வளைக்காமல் பேசுபவர்.

"மேடம், எல்லாம் சரி. காரணம் எங்க?"

"இல்ல சார்."

"எதுவுமே இல்லாம ஒருத்தன் போவானா?"

"போனான் சார்."

அவர் பக்கங்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். என்ன பார்க்கப் போகிறார் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கத் தெம்பில்லை.

இரண்டு மாதத்தில் புத்தகம் வந்தது. நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தில் நான் எழுதாத முக்கால் பக்கம் இருந்தது. பேருந்தில் ஏறும்போது சாவியம்மாவின் புருஷன் தவறி விழுகிறான், தலையில் அடி, நினைவு போய்விடுகிறது. வீடு, மனைவி, தன் பெயர் எல்லாமே மறந்துபோகிறது. சாவியம்மா அவன் கையைப் பிடித்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது. 'உன்னை மறந்தேனே தவிர, விட்டுப் போகவில்லை' என்கிறான். தேய்ந்துபோன உத்தி. நானே நாலாவது கதையில் பயன்படுத்தியதுதான். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அந்த முக்கால் பக்கத்தை நின்றுகொண்டே மூன்று முறை படித்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை, அன்று வேலைக்கும் போகவில்லை.

வாசகிகளின் கடிதங்கள் வந்து குவிந்தன. எல்லோருக்கும் திருப்தி.

அண்ணிக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அவர் ஞாயிறுதோறும் கூப்பிடுவார். பெரும்பாலும் கால் வலி, அங்கே கிடைக்கிற காய்கறி, கட்டைக்கால் அளவெடுக்கப் போனது என்றுதான் பேச்சு இருக்கும். அந்த ஞாயிறு, புத்தகம் வந்ததா என்று நானே கேட்டேன்.

"வந்துச்சு. படிச்சேன். அவனுக்கும் படிச்சுக் காட்டினேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல." மறுமுனையில் யாரோ கேன்களை உருட்டுகிற சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை அண்ணி பொறுத்திருந்தார். "அந்தத் தலையில அடிபட்ட இடம் இருக்கு பாரு, அதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னான்."