பத்து நாள் பேசக் கூடாது

நாலு நாளாகத் தன் வகுப்போடு முஸ்கானின் வகுப்பையும் ஜெரினாதான் பார்த்துக்கொண்டிருந்தாள். காரைக்குடியில் ஒரே பள்ளியில் இருவரும் ஆசிரியைகள். முஸ்கானுக்குக் குரல்வளையில் வீக்கம், பத்து நாள் மருத்துவ விடுப்பு என்று தலைமையாசிரியை அற்புதம்மாள் சொல்லியிருந்தார். பாவம், கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துக் கிடப்பாள் என்று ஜெரினா நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் திருப்பத்தூர்ச் சந்தைக்குப் போய்த் திரும்பியவள், பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் அப்படியே நின்றுவிட்டாள். அங்கிருந்த ஒரு மைதானத்தில் முஸ்கான் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தாள். எகிறி அவள் அடித்த அடியில் எதிரே நின்றவள் தடுமாறினாள்.

ஜெரினாவுக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் போகவும் மனம் வரவில்லை. ஆட்டம் முழுக்க முஸ்கான் வாயே திறக்கவில்லை. கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சண்டை வந்தபோதும் கையை மட்டும்தான் ஆட்டினாள்.

ஆட்டம் முடிந்து ஜெரினாவைப் பார்த்தவள், செல்போனில் தட்டி நீட்டினாள். "வாங்க மிஸ். என்ன இங்குட்டு?"

ஜெரினாவும் தன் செல்போனை எடுத்து, "லீவைப் போட்டுட்டு விளையாடுறீகளே?" என்று தட்டிக் காட்டினாள். தன் தொண்டைக்கு ஒன்றும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. முஸ்கான் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தாள்.

பிறகு எழுதியே விளக்கினாள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள். நடக்கலாம், ஓடலாம். பேசக் கூடாது. கிசுகிசுப்பது இன்னும் கெடுதலாம்.

"வீட்ல இருந்தா ஆளாளுக்கு ஏதாச்சும் கேக்குறாக. வாய் தன்னால பதில் சொல்லிருது. இங்க என்கிட்ட யாரும் எதுவும் கேக்குறதில்ல."

திங்கட்கிழமை காலையில் அற்புதம்மாளே ஆரம்பித்தார். "முஸ்கான் ஷட்டில் ஆடுறாகன்னு யாரோ சொன்னாக. நெசமா?"

ஜெரினா பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே சொன்னாள்.

"தப்புன்னு சொல்லல. ஓடியாட முடியுதுல்ல? இங்க வந்து பேசாம உக்காந்து புள்ளைகளைப் பாத்துக்கலாமே?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. ஜெரினா ஒரு யோசனை சொன்னாள். "நான் ஒரு பீரியட் பேசாம இருந்து பாக்கவா மேடம்?"

கரும்பலகையில் 'இன்று நான் பேச மாட்டேன்' என்று எழுதினாள். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. இரண்டு பேர் ஸ்கேலுக்கு அடித்துக்கொண்டார்கள். மேசையைத் தட்டி அடக்கினாள். ஒருத்தி பக்க எண் கேட்டாள், விரலைக் காட்டினாள். முடியும் போலிருக்கிறதே என்று ஜெரினாவுக்கு நம்பிக்கை வந்த நேரம், முதல் பெஞ்சிலிருந்து அழகி எழுந்தாள்.

"மிஸ், உடம்பு சரியில்லையா? சாப்டீகளா?"

"சாப்டேன்டி கண்ணு."

வகுப்பே கைதட்டியது. வாசலில் நின்றிருந்த அற்புதம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழு நிமிஷம். முஸ்கான் லீவு முடிஞ்சு வெள்ளிக்கிழமையே வரட்டும்" என்றவர், இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினார்.

"ஆமா, நல்லா ஆடுறாகளா?"